‘முதியோர் சொல்லமாட்டார்கள்’ என்னும் வாதம்

முதியோர் மீதான கொடுமையைப் பற்றித் தமிழ்நாட்டில் பேச்சு எழும்போதெல்லாம் மருத்துவர்களும் வருவாய்த்துறையினரும் ஊர்ப் பெரியவர்களும் ஏறத்தாழ ஒரே குரலில் முன்வைக்கும் கருத்து ஒன்று உண்டு. பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க எந்தத் தாயும் தந்தையும் துணியமாட்டார்கள் என்றும், ஆகவே வினாப்பட்டியல் வைத்துக் கேட்டாலும் உண்மை வெளிவராது என்றும், புகார் வந்தால் விசாரிப்பதும் வராவிட்டால் குடும்பத்துக்குள் தலையிடாமல் இருப்பதுமே நடைமுறைக்கு உகந்தவை என்றும் அக்கருத்து கூறுகிறது. வடக்கே வேம்பார் தொடங்கித் தெற்கே பெரியதாழை வரை நீளும் தூத்துக்குடிக் கடற்கரையில் இது கூடுதல் அழுத்தம் பெறுகிறது. ஊரே உறவாகவும், கோயிலும் ஊர்க் கமிட்டியும் வழக்குகளைத் தீர்க்கும் இடங்களாகவும் இருக்கும் கடலோரக் குடியிருப்புகளில், வீட்டுக் கதையை வெளியே சொன்ன முதியவர் அதே தெருவில் மறுநாள் எப்படி முகம் கொடுப்பார் என்ற கேள்வி எளிதில் ஒதுக்கத்தக்கதன்று.

இக்கருத்தில் ஓரளவு உண்மை கலந்திருப்பதாலேயே அது இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது. முதியோர் பலர் முதற்கேள்விக்கு ‘அப்படியெல்லாம் ஒன்றுமில்லை’ என்றே விடை தருகிறார்கள் என்பதை எவரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த விடையை முதுமையின் இயல்பாகவோ தாய்மையின் குணமாகவோ கொள்வதற்கு முன்னர், கேட்டவர் யார், கேட்ட இடம் எது, கேட்கப்பட்டது என்ன என்று ஆராய வேண்டும். அவ்வாராய்ச்சியைச் செய்யாமலே மௌனத்தின் முழுப் பொறுப்பையும் மௌனமாக இருப்பவர் மீதே சுமத்திவிடுகிறது இந்த வாதம்.

நம்பிக்கைக்குரிய உறவு ஒன்றுக்குள், ஒரு முறையோ பல முறையோ செய்யப்படும் செயலாலும், செய்ய வேண்டியதைச் செய்யாது விடுவதாலும், முதியவருக்குத் தீங்கோ துன்பமோ நேர்வதையே உலக சுகாதார நிறுவனம் முதியோர் கொடுமை என வரையறுக்கிறது. அடி, வசை, பணப் பறிப்பு, பாலியல் வன்முறை ஆகியவற்றோடு, உணவும் மருந்தும் கவனிப்பும் தராமல் விடும் புறக்கணிப்பும் இவ்வரையறைக்குள் அடங்கும். இதனை அளக்க இந்தியாவில் நடந்த முயற்சிகளின் முடிவுகளை அருகருகே வைத்துப் பார்த்தாலே, ‘சொல்லமாட்டார்கள்’ என்னும் வாதத்தின் அடித்தளம் ஆட்டம் காண்கிறது. ‘லாசி’ எனப்படும் இந்திய முதுமை நெடுங்கால ஆய்வின் முதற்சுற்று 2017–18இல் நடைபெற்றது. நாடு முழுவதும் 45 வயதைக் கடந்த 72,000க்கும் மேற்பட்டோரைச் சந்தித்த அவ்வாய்வில், அறுபதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 5 விழுக்காட்டினரே கடந்த ஓராண்டில் தாம் மோசமாக நடத்தப்பட்டதாகக் கூறினர். சென்னையில் 65 வயதைக் கடந்த 400 பேரிடம் சொக்கநாதனும் லீயும் நடத்தி 2005இல் வெளியிட்ட ஆய்விலோ அந்த அளவு 14 விழுக்காடாக இருந்தது. பின்னர்த் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சொக்கநாதன் மேற்கொண்ட ஆய்வில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் கொடுமைக்கு ஆளானதாகத் தெரியவந்தது. இடமும் காலமும் வயது வரம்பும் வேறுபடுவதால் இவ்வெண்களை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது என்பது சரியே. எனினும் ஒரு வேறுபாடு கண்ணில் படாமல் போவதில்லை: ‘மோசமாக நடத்தப்பட்டீர்களா’ என்ற பொதுக் கேள்வி ஒருவரைத் தம் குடும்பத்தின் மீது தீர்ப்புச் சொல்ல வைக்கிறது; ‘உங்களைப் பார்த்துக் கத்தியதுண்டா, தள்ளியதுண்டா, சாப்பாடு தராமல் இருந்ததுண்டா’ எனச் செயல்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்பது நடந்ததைச் சொல்ல மட்டும் அழைக்கிறது. சென்னை முதியோர் இரண்டாம் வகைக் கேள்விகளுக்கு விடையளித்தனர். மகன் மீதும் மருமகள் மீதும் மட்டுமன்றி, வாழ்க்கைத்துணை மீதும் மருமகன் மீதும் அவர்கள் சொல்ல வேண்டியவற்றைச் சொன்னார்கள்.

இந்தியக் குடும்பங்களில் பெண்களிடம் கணவனின் வன்முறையைப் பற்றிக் கேட்க முற்பட்டபோதும் இதே ‘சொல்லமாட்டார்கள்’ என்ற வாதமே எதிர்ப்பட்டது. தேசியக் குடும்பநல ஆய்வு அதனைப் பொருட்படுத்தாமல், ஒரு வீட்டில் ஒரு பெண்ணிடம் மட்டுமே கேட்பது, தனிமை கிடைக்காவிட்டால் அப்பகுதிக் கேள்விகளைக் கேளாமலே விட்டுவிடுவது, செயல்களைத் தனித்தனியே குறிப்பிட்டுக் கேட்பது என்ற விதிகளை வகுத்துக்கொண்டது. 2019–21இல் நடந்த அதன் ஐந்தாம் சுற்றில், தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் 38.1 விழுக்காட்டினர் கணவனின் வன்முறையை எதிர்கொண்டதாகக் கூறினர். தாலியின் பெயரால் வாய்மூடியிருப்பார்கள் என எண்ணப்பட்டவர்கள் முறையாகக் கேட்டபோது பேசிவிட்டார்கள். ஆனால் அக்கேள்விகள் 18 முதல் 49 வயது வரையிலான பெண்களுக்கே உரியவை. ஐம்பதாம் வயதில் கேள்வி நின்றுபோகிறது, கை ஓங்குகிறவன் நிறுத்திக்கொண்டானா என்பது தெரியாமலே.

தூத்துக்குடிக் கரையில் கொடுமை எவ்வுருவில் வருகிறது என்பதை அறியாமல் அங்கே எந்தக் கேள்வியையும் அமைக்க இயலாது. பொதுவான வினாப்பட்டியல்கள் இடறும் இடமும் இதுவே. நாட்டுப்படகுத் தொழிலில் பிடிபட்ட மீனின் வருமானம் பங்குகளாகப் பிரிக்கப்படுகிறது. கடலுக்குப் போகிறவருக்கு ஒரு பங்கு இருப்பதுபோலப் படகுக்கும் வலைக்கும் பங்கு உண்டு. கடலுக்குப் போக முடியாத வயதில் ஒருவர் தம் உழைப்புப் பங்கை இழப்பது தொழிலின் முறை. ஆனால் படகு அவர் பெயரில் இருக்கையில் படகுப் பங்கும் அவர் கைக்கு வராமல் போனால் அது பணப் பறிப்பாகும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு அரசு தரும் 8,000 ரூபாய் நிவாரணமும், மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையும் வங்கிக் கணக்கில் வருகின்றன. வங்கிப் புத்தகமும் ஏடிஎம் அட்டையும் யார் கையில் இருக்கின்றன என்பதே அங்கே முதற்கேள்வியாக வேண்டும். ‘உங்கள் பணத்தை எவரேனும் அபகரித்தார்களா’ என்று கேட்டால் இல்லை என்றே பதில் வரும். ‘போன மாத உதவித்தொகையை எடுத்து வந்தவர் யார், உங்கள் கைக்கு எவ்வளவு வந்தது’ என்று கேட்டால் ஒரு தொகை பதிலாக வரும். மூதாட்டியிடம் அவர் காதில் கிடந்த தங்கம் இப்போது எந்த அடகுக் கடையில் இருக்கிறது என்று கேட்பது மகனைப் பழிப்பதாக அவருக்குத் தோன்றாது. அவ்வாறு தோன்றாதபடி கேட்பதில்தான் கருவி செய்பவரின் திறமை அடங்கியிருக்கிறது.

உப்பளங்களில் நிலைமை வேறு. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உப்பு வாருதல் நின்று கூலியும் நின்றுபோகிறது. அந்த மாதங்களில் வீட்டில் ஒரு வேளை குறையும்போது யாருடைய தட்டில் குறைகிறது என்பதைக் கேட்டறிய வேண்டும். ஆனால் வறுமையால் எல்லோரும் பட்டினி கிடக்கும் வீட்டையும், முதியவர் மட்டும் பட்டினி கிடக்கும் வீட்டையும் ஒன்றாகக் கருதும் கேள்வி, ஏழைகள் மீது பழி போடும் கருவியாகவே முடியும். கப்பல் வேலைக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிள்ளைகளை அனுப்பிவிட்டு மாடிவீட்டில் தனித்திருப்பவருக்குப் பணம் தவறாமல் வந்தும் மாதக்கணக்கில் பேச ஆளில்லாமல் போவதுண்டு. இதனைக் கொடுமை என்பதா, காலத்தின் கோலம் என்பதா என்ற கேள்விக்கு ஆய்வாளர்களிடையேயும் ஒருமித்த விடை இல்லை.

மௌனம் எவ்வாறு உருவாக்கப்படுகிறது என்பதற்கு இக்கரையிலேயே மிகத் தெளிவான சான்று ஒன்று உள்ளது. தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோனது. சங்குக் குளிப்பு தொடர்ந்தது. ஆழ்நீரின் அழுத்தத்தில் செவிப்பறை சேதமடைவது மூழ்கும் தொழிலின் அறியப்பட்ட தீங்கு ஆதலால், அத்தொழிலில் காலம் கழித்தவர்களிடையே காதுமந்தம் வியப்புக்குரியதன்று. இத்தகைய ஒருவரிடம், அண்டை வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் சிறு வீட்டின் திண்ணையில் அமர்ந்து, அவருக்குக் கேட்கும்படி உரக்க ‘உங்கள் மகன் உங்களை அடிக்கிறாரா’ என வினவினால், கேள்வி அவர் காதை எட்டுவதற்கு முன்பே மகன் காதையும் தெருவின் காதையும் எட்டிவிடும். அவர் இல்லை என்று தலையசைப்பதைப் பாசம் என்று எழுதிக்கொண்டு திரும்புகிறவர், தாம் கேட்ட முறையால் பெற்ற விடையை முதியவரின் குணமாகப் பதிவு செய்கிறார். பதிவு செய்யப்பட்ட கேள்வியைக் காதொலிப்பானில் ஒலியைக் கூட்டிக் கேட்கச் செய்து, ஆம் அல்லது இல்லை என்பதை அவரே பொத்தானில் அழுத்தும் முறை, வாய்விட்டுச் சொல்லக் கூசும் செய்திகளைத் திரட்டும் ஆய்வுகளில் ஏற்கெனவே கையாளப்பட்டுவருகிறது. இக்கரையில் அதனைச் சோதித்துப் பார்க்கத் தடையேதும் இல்லை.

மறுப்பாளர்களின் வாதத்துக்கு இதைவிட வலுவான வடிவம் ஒன்றும் உண்டு. அதற்கு விடை சொல்லாமல் இக்கட்டுரை முழுமை பெறாது. கருவிகள் பல தசாப்தங்களாக இருந்தும் அவை சரிவரக் கண்டறியவில்லையே என்பது அவ்வாதம். கண்டறி கருவியின் தரம் இரண்டு அளவுகளால் சொல்லப்படுகிறது. உண்மையில் கொடுமைக்கு ஆளானவர்களில் எத்தனை பேரைக் கருவி பிடிக்கிறது என்பது உணர்திறன். ஆளாகாதவர்களில் எத்தனை பேரைச் சரியாக விலக்குகிறது என்பது விலக்குதிறன். மான்ட்ரியலில் மார்க் யாஃபியும் உடனாய்வாளர்களும் உருவாக்கி 2008இல் வெளியிட்ட, ஆறு கேள்விகள் கொண்ட ‘முதியோர் கொடுமை ஐயக் குறியீடு’ உலகெங்கும் பேசப்படும் கருவி. சமூகப் பணியாளரின் விரிவான மதிப்பீட்டோடு ஒப்பிட்டபோது அதன் உணர்திறன் 47 விழுக்காடும் விலக்குதிறன் 75 விழுக்காடுமாக இருந்தன. சென்னை ஆய்வு கண்ட 14 விழுக்காட்டை வைத்துக் கணக்கிட்டால், ஆயிரம் முதியோரில் கொடுமைக்கு ஆளான 140 பேரில் 66 பேரை மட்டுமே இக்கருவி பிடித்து 74 பேரை நழுவவிடும். அதோடு கொடுமை நிகழாத 860 பேரில் 215 பேரை வீணாக ஐயத்துக்கு உட்படுத்தும். கண் பெரிதான வலையில் சாளை நிற்பதில்லை என்பது கடற்கரையில் எவருக்கும் சொல்லித்தர வேண்டாத செய்தி. அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2018இலும் மீண்டும் 2025இலும், முதியோரிடையே கொடுமையைக் கண்டறியும் பொதுச்சோதனையைப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்றே முடிவு செய்தது.

இச்செய்திகள் அனைத்தும் மெய். அவற்றிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான் தவறு. சான்று போதவில்லை என்பதும் பயனில்லை என்பதும் ஒன்றல்ல. அதே பணிக்குழு இனப்பெருக்க வயதுப் பெண்களிடம் துணைவரின் வன்முறையைக் கேட்டறிவதைப் பரிந்துரைக்கிறது. பெண்கள் மீதான வன்முறை குறித்து ஆய்வுகள் பல ஆண்டுகளாக நடந்திருக்கின்றன, முதியோர் கொடுமை குறித்து அந்த அளவுக்கு நடக்கவில்லை. மேலும், மான்ட்ரியல் குறியீடு குடும்ப மருத்துவரின் அறையில், நினைவாற்றல் குன்றாத முதியோரிடம், இரண்டு நிமிடங்களில் கேட்பதற்காகச் செய்யப்பட்டது. அதனை மொழிபெயர்த்து இக்கரையிலுள்ள மணப்பாட்டுக்கோ புன்னைக்காயலுக்கோ எடுத்துச் சென்று, அது தோற்றதும் முதியோரே தோற்றதாகச் சொல்வது நியாயமாகாது. அமெரிக்காவில் அவசர சிகிச்சைப் பிரிவுகளுக்கென உருவான ஒரு கருவி, கேள்விகளோடு நினைவாற்றல் சோதனையையும் உடற்பரிசோதனையையும் செவிலியரின் அவதானிப்பையும் சேர்த்துக்கொண்டு, சிறிய எண்ணிக்கையிலான நோயாளிகளிடம் 94 விழுக்காடு உணர்திறனை எட்டியது. இடத்துக்குப் பொருந்தச் செய்தால் கருவி மேம்படும் என்பதற்கு அது சான்று.

செய்யும் கருவி இரண்டு தேர்வுகளைக் கடக்க வேண்டும். அளக்க எண்ணியதையே அது அளக்கிறதா என்பது ஏற்புடைமை. மீண்டும் அளந்தாலும், வேறொருவர் அளந்தாலும் அதே விடை வருகிறதா என்பது நம்பகம். நம்பகமில்லாத அளவீடு என்ன செய்யும் என்பதற்கு ஹெல்ப்ஏஜ் இந்தியாவின் ஆண்டு ஆய்வுகள் உதாரணம்: 2013இல் 23 விழுக்காடாக இருந்த கொடுமை 2014இல் 50 விழுக்காடு என அறிவிக்கப்பட்டது. ஓராண்டுக்குள் இந்தியக் குடும்பங்கள் இருமடங்கு கொடியனவாக மாறிவிடவில்லை. அளவுகோலும் மாதிரியும் எங்கோ அசைந்திருக்கின்றன. தூத்துக்குடிக் கரையில் இதற்கு இன்னொரு சிக்கலும் சேர்கிறது. தடைக்காலத்தில் கேட்ட கேள்விக்கும் மீன்பாடு மிகுந்த மாதத்தில் கேட்ட கேள்விக்கும் விடை மாறினால், கருவி நம்பகமற்றதா அல்லது வீட்டு நிலையே மாறியதா என்பதைப் பிரித்தறிய, ஒரே பருவத்துக்குள் இரு வார இடைவெளியில் ஒருமுறையும் பருவம் மாறியபின் ஒருமுறையும் கேட்டாக வேண்டும்.

கேட்பவர் யார் என்பதிலும் சோதனை தேவை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ், மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடுதோறும் சென்று இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளந்து மாத்திரைகளைக் கொடுத்துவருகிறார்கள். தமிழ்நாட்டில் முதியோரின் படுக்கை வரை சென்று வரும் அரசின் கை வேறெதுவும் இவ்வளவு நீளமானதன்று. ஆயினும் அத்தன்னார்வலர் அதே ஊர்ப் பெண். முதியவருக்கு அவர் மீதுள்ள நம்பிக்கை எவ்வளவோ, செய்தி ஊருக்குள் பரவிவிடுமோ என்ற அச்சமும் அவ்வளவே. உள்ளூர்த் தன்னார்வலரும் அயலூர்ச் செவிலியரும் தனித்தனியே கேட்டு இருவருக்கும் கிடைத்த விடைகளை ஒப்பிடாமல், எவர் கேட்பது நன்று என்று முன்கூட்டியே முடிவு கட்டுவது வெறும் ஊகமாகும்.

கேள்விகளால் எட்ட முடியாதவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் அறுபதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினர் மறதிநோயால் பாதிக்கப்பட்டிருப்பதாக ‘லாசி’யின் துணை ஆய்வு மதிப்பிட்டது. கொடுமைக்கு மிக எளிதில் ஆளாகக்கூடிய இவர்களைப் பெரும்பாலான வினாப்பட்டியல்கள் தொடக்கத்திலேயே விலக்கிவிடுகின்றன. இவர்களைப் பொறுத்தவரை வீட்டில் கண்ணால் காண்பதே சான்று: படுக்கைப்புண், குறைந்துகொண்டே வரும் எடை, மாற்றப்படாத உடை, கை எட்டும் தூரத்தில் இல்லாத தண்ணீர். இவற்றுள் மிக எளிதாக எண்ணக்கூடியது மாத்திரை அட்டை. சென்ற முறை கொடுத்த அட்டையில் எத்தனை மாத்திரைகள் மீதமிருக்கின்றன என்பதைத் தன்னார்வலர் பார்க்கலாம்; தாமே எழுந்து எடுத்துக்கொள்ள இயலாத ஒருவரின் அட்டை பிரிக்கப்படாமலே கிடந்தால், அது குற்றச்சாட்டாகாவிட்டாலும் இன்னொருவர் வந்து விசாரிக்கப் போதுமான காரணமாகும்.

‘இன்னொருவர்’ என்ற சொல்லிலேயே வீண் ஐயத்துக்கு உள்ளாகும் அந்த 215 பேரின் குடும்பங்களுக்கான பாதுகாப்பும் அடங்கியிருக்கிறது. முதற்கட்டத்தில் கிடைக்கும் ‘ஆம்’ காவல் நிலையத்துக்கோ ஊர்க் கமிட்டிக்கோ பங்குத்தந்தைக்கோ போகக்கூடாது; பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர் ஒருவர் முதியவரோடு தனித்துப் பேசும் இரண்டாம் கட்டத்துக்கே போக வேண்டும். கவனிப்பவரின் சோர்வை நீக்க ஆள்துணையும் பகல்நேரப் பராமரிப்பும் போதுமா, சட்டம் தேவையா என்பதை அங்கே, முதியவரின் விருப்பத்தைக் கேட்டறிந்த பின்னரே முடிவு செய்ய வேண்டும். இந்த இரண்டாம் கட்டத்துக்கு ஆளும் ஊதியமும் ஒதுக்காமல் முதற்கட்டத்தை மட்டும் தொடங்குவது, ஒருவரின் வாயைத் திறக்கவைத்துவிட்டு அவரை அதே வீட்டில் விட்டுவிட்டு வருவதாகும். அவ்வாறு செய்வதைவிடக் கேளாமல் இருப்பதே மேல் என்று மறுப்பாளர்கள் சொன்னால், அந்த ஓரிடத்தில் அவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது.

ஆனால் புகார் வரும்வரை காத்திருப்பதைச் சட்டமே விதித்துள்ளது என்ற அவர்களுடைய கடைசி அரண் நிற்கத்தக்கதன்று. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் 5ஆம் பிரிவு, முதியவர் விண்ணப்பிக்க இயலாதபோது அவர் அதிகாரமளித்த தனிநபரோ அமைப்போ விண்ணப்பிக்கலாம் என்றும், தீர்ப்பாயம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொள்ளலாம் என்றும் கூறுகிறது. மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை விதிக்கவும், கவனித்துக்கொள்வதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தை மீட்டுத்தரவும் அச்சட்டத்தில் வழியுண்டு. பத்திரத்தில் அந்த நிபந்தனை வெளிப்படையாக எழுதப்பட்டிராவிட்டாலும் தானப் பத்திரத்தை ரத்து செய்யலாம் எனச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. முதியோரைக் கைவிடுவோருக்கு மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. தூத்துக்குடி, திருச்செந்தூர், கோவில்பட்டி ஆகிய மூன்று கோட்டங்களிலும் கோட்ட அளவிலான வருவாய் அலுவலரே இத்தீர்ப்பாயத்தின் தலைவர். புகாருக்காகக் காத்திருப்பதன் விளைவுக்கும் சான்று உண்டு. அண்டை மாவட்டமான விருதுநகரில் எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொண்டு முதியோர் உயிரை முடிக்கும் ‘தலைக்கூத்தல்’, தப்பியோடிய முதியவர் ஒருவரால் 2010இல் நாளேடுகளில் இடம்பெற்றது. அதற்கு முன்னர் அவ்வாறு இறந்தவர்களின் சார்பில் புகார் கொடுக்க எவரும் மிஞ்சியிருக்கவில்லை.

தமிழ்நாட்டு மக்கள்தொகையில் முதியோரின் பங்கு 2021இல் 13.6 விழுக்காடு என்றும் 2031இல் 18.2 விழுக்காட்டை எட்டும் என்றும் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு கணித்திருக்கிறது. கருவியைச் செய்து சோதிக்க மீனவக் குடியிருப்பு ஒன்று, உப்பளத் தொழிலாளர் பகுதி ஒன்று, துறைமுக நகரின் வார்டு ஒன்று போதும்; தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி அருகிலேயே இருக்கிறது. சோதனையின் முடிவில் பிடிபட்டவர்களின் எண்ணிக்கையோடு நழுவவிடப்பட்டவர்களின் எண்ணிக்கையும், வீணாக ஐயத்துக்கு உள்ளானவர்களின் எண்ணிக்கையும், இரண்டாம் கட்டத்தில் எவ்வகை உதவி எத்தனை பேருக்குச் சென்றது என்பதும் ஒரே அட்டவணையில் வெளியிடப்பட வேண்டும். முதியோர் சொல்லமாட்டார்கள் என்று கூறுவோரும் தம் கருத்துக்கு ஆதாரமாக அதே வகையான அட்டவணை ஒன்றை அப்போது முன்வைக்கலாம்.